எந்தக் குழுவிலும் சேராத கல்



விண்கல் ஆய்வாளர்களுக்கு மீட்டியரிட்டிகல் சொசைட்டி என்றொரு பன்னாட்டுச் சங்கம் இருக்கிறது. பூமியில் கிடைத்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட விண்கற்களுக்கு அது பெயர் கொடுத்துப் பதிவேடு வைத்திருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தக் கல் எந்த வகை என்ற குறி இருக்கும். அந்தப் பதிவேட்டில் டாகிஷ் ஏரி விண்கல்லுக்கு எதிரே ‘சி2, குழு சேராதது’ என்று காணலாம். கனடாவில் விழுந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. உலகின் சிறந்த ஆய்வுக்கூடங்கள் பலவும் அதை ஆராய்ந்துவிட்டன. இன்னமும் அது குழு சேராத கல்தான். அந்தக் குறியை எழுதியவர்களையும், அதை அவசரப்பட்டு மாற்றாமல் இருப்பவர்களையும் நான் பெரிதும் மதிக்கிறேன். அந்த மதிப்புக்கான காரணத்தைச் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறேன்.

முதலில் அடிப்படை. வானிலிருந்து விழுவதைக் கண்ணால் கண்டு எடுத்த விண்கற்களில் பெரும்பாலானவை காண்ட்ரைட்டுகள். உடைத்துப் பார்த்தால் உள்ளே கடுகளவு உருண்டைகள் தெரியும். அவற்றுக்குக் காண்ட்ரூல் என்று பெயர். சூரியக் குடும்பம் உருவான காலத்தில், தூசும் வாயுவும் சுழன்ற வட்டில் உருகித் துளியாகி உறைந்தவை அவை. வயது சுமார் 456 கோடி ஆண்டு. அந்த உருண்டைகளைச் சுற்றி மிக நுண்ணிய தூசு அடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தளப்பொருள் என்கிறோம். இந்தக் காண்ட்ரைட்டுகளிலேயே கறுத்தும், கார்பன் சேர்மங்களும், பலவற்றில் நீர் புகுந்த களிமண் தாதுக்களும் கொண்டும் இருப்பவை கார்பன் காண்ட்ரைட்டுகள். விழுவதைக் காணும் கற்களில் நூற்றுக்கு நான்கைந்துதான் இந்த இனம்.

இவற்றைப் பார்த்து அறிவியல் முதலில் திகைத்தது 1806-இல். அந்த ஆண்டு மார்ச் மாதம் பிரான்சில் அலே என்ற ஊருக்கு அருகே விழுந்த கல் தண்ணீரில் போட்டால் கரைந்து மண்ணாயிற்று. ஈரப்பட்டால் களிமண் வாசம் அடித்தது. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ் 1834-இல் அதை ஆராய்ந்தபோது உள்ளே நீரும் கார்பனும் இருப்பதைக் கண்டார். நெருப்பாய் வந்து விழுந்த பொருளுக்குள் நீர் எப்படி இருக்கும்? இது வானத்துக் கல்தானா என்றே அவருக்கு ஐயம் வந்தது. வகைப்பாட்டின் வரலாறு இப்படி ஓர் ஐயத்தில் தொடங்கியது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

அதன்பின் நூறு ஆண்டுக்கு மேல் கடந்தது. 1956-இல் பின்லாந்தைச் சேர்ந்த வீக், நீரின் அளவையும் கார்பனின் அளவையும் வைத்துக் கார்பன் காண்ட்ரைட்டுகளை மூன்றாகப் பிரித்தார். 1967-இல் வான் ஷ்முஸ், வுட் என்ற இருவர் இன்றும் நாம் பயன்படுத்தும் முறையை அமைத்தனர். அதில் எழுத்து ஒன்று, எண் ஒன்று. எழுத்து, கல் எந்தப் பொருளிலிருந்து எந்தச் சூழலில் பிறந்தது என்பதைச் சொல்லும். தான்சானியாவில் 1938-இல் விழுந்த இவுனாவின் பெயரால் சி.ஐ.; உக்ரைனில் 1889-இல் விழுந்த மிகேயின் பெயரால் சி.எம்.; ஓர்னான்ஸ் பெயரால் சி.ஓ.; விகரானோ பெயரால் சி.வி.; இப்படிப் போகும் பட்டியல். எண், பிறந்த பிறகு அந்தக் கல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லும். 3 என்றால் அதிகம் மாறாதது. 4, 5, 6 என்று ஏறினால் வெப்பத்தில் வெந்தது. 2, 1 என்று இறங்கினால் தாய்க் கோளத்தின், அதாவது கல் உடைந்து வந்த சிறுகோளின், உள்ளேயே நீரில் ஊறி மாறியது.

ஆக டாகிஷ் ஏரிக் கல்லுக்கு எண் தெரிந்துவிட்டது. எழுத்துத்தான் பிடிபடவில்லை. அது நீரில் ஊறிய கதை விளங்கிவிட்டது. எங்கே பிறந்தது என்பது விளங்கவில்லை.

2000-ஆம் ஆண்டு ஜனவரி 18 காலை. கனடாவின் வடமேற்கு மூலை, யூக்கான் பகுதியும் பிரிட்டிஷ் கொலம்பியாவும் சந்திக்கும் இடம். விடியும் வேளையில் வானம் பளிச்சென்று எரிந்தது. நொடிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகத்தில், ஐம்பது டன்னுக்கும் மேற்பட்ட ஒரு பாறை காற்று மண்டலத்துக்குள் நுழைந்திருந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் செயற்கைக்கோள்களும் அந்த ஒளியைப் பதிவு செய்தன. மக்கள் எடுத்த படங்களில் வானில் நின்ற புகைத்தடம் இருந்தது. இவற்றைச் சேர்த்து வைத்து, அந்தப் பாறை எந்தப் பாதையில் சூரியனைச் சுற்றி வந்தது என்று கணித்தார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டைக்கு அந்தப் பாதை போய்ச் சேர்ந்தது. சுற்றுப்பாதை தெரிந்த விண்கற்கள் அன்று விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன.

வந்ததில் மிகப் பெரும்பகுதி காற்றிலேயே தூளாகிவிட்டது. மிச்சம் டாகிஷ் ஏரியின் உறைந்த பரப்பில் சிதறியது. ஒரு வாரம் கழித்து, அந்த ஏரிப் பக்கம் வாழ்ந்த ஒருவர் பனிக்கட்டியின்மேல் கறுப்புத் துண்டுகள் கிடப்பதைப் பார்த்தார். அவர் செய்ததை விண்கல் ஆய்வாளர்கள் இன்றும் நன்றியோடு பேசுகிறார்கள். அவர் அவற்றை வெறுங்கையால் தொடவில்லை. சுத்தமான பிளாஸ்டிக் பைகளில் எடுத்து, உருகவிடாமல், உறைந்த நிலையிலேயே வைத்துக் காத்தார். ஏறத்தாழ ஒரு கிலோ சேர்ந்தது. அதன்பின் பனி பெய்து மற்றவை மூடிப்போயின. வசந்த காலத்தில் கால்கேரி, மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகங்களின் குழுக்கள் போய், வெயிலில் சூடேறிப் பனிக்கட்டிக்குள் இறங்கியிருந்த நூற்றுக்கணக்கான துண்டுகளைக் கண்டுபிடித்து, பனிப்பாளத்தையே அறுத்து எடுத்தன. அவை உருகிய நீரில் நனைந்தவை. முதலில் எடுத்த ஒரு கிலோவோ, வானத்திலிருந்து வந்த நாள்முதல் உறைநிலை தாண்டாதது. அந்த ஒரு கிலோவின் மதிப்பு வேறு எந்த ஒரு கிலோவுக்கும் இல்லை என்றே சொல்வேன்.

இனி ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். சாதாரணப் பாறையை நீர் விட்டு அறுத்து, மெலிதாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பது வழக்கம். இந்தக் கல்லை அப்படி அறுக்க முடியாது. நீர் பட்டால் குலைந்துவிடும். ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.6 கிராம்தான் எடை. கையில் நசுக்கினால் பொடியாகும். உள்ளே பத்தில் நான்கு பங்கு வெற்றிடம். உலர்ந்த நிலையிலேயே பிசினில் பதித்து மெருகேற்றி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது கறுத்த தளப்பொருளே எங்கும் பரந்திருந்தது. களிமண் தாதுக்கள், மேக்னடைட், இரும்பு சல்பைடு, கார்பனேட்டுகள். நடுநடுவே அருகலாகச் சில காண்ட்ரூல்கள்.

இங்கேதான் சான்றுகள் ஒன்றோடொன்று மோதின. சி.ஐ. கற்களில் காண்ட்ரூல் அநேகமாக இல்லவே இல்லை, இதில் இருந்தது. அதனால் சி.ஐ. அல்ல என்று சொல்லலாம். ஆனால் சி.எம். கற்களில் இருக்கும் அளவுக்கு இதில் காண்ட்ரூல்கள் இல்லை. தனிமங்களின் விகிதத்தை அளந்தார்கள். அது சி.ஐ.க்கும் சி.எம்.க்கும் நடுவே நின்றது. கார்பனை அளந்தார்கள். சி.எம். கற்களில் சுமார் இரண்டு சதவீதம், சி.ஐ. கற்களில் மூன்றரைக்குள் இருக்கும் கார்பன், இதில் நான்கு சதவீதத்துக்கும் மேல். இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டிய கல் இரண்டையும் தாண்டி நின்றது.

பிறகு ஆக்சிஜன். ஆக்சிஜனுக்கு மூன்று நிலையான ஐசோடோப்புகள் உண்டு: 16, 17, 18. பூமியின் பாறை, நீர், காற்று எதை அளந்தாலும் இந்த மூன்றின் விகிதங்கள் வரைபடத்தில் ஒரே கோட்டின்மேல் வந்து விழும். 1973-இல் சிகாகோவில் ராபர்ட் கிளேட்டனும் அவருடைய குழுவினரும், மெக்சிகோவில் 1969-இல் விழுந்த அயெண்டே கல்லின் வெண்ணிறப் பொதிவுகளில் அளந்தபோது, அந்தப் புள்ளிகள் பூமியின் கோட்டைவிட்டு விலகிப் போயின. அன்றுமுதல் விண்கல் வகைப்பாட்டில் ஆக்சிஜனே முதல் சாட்சி. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு கற்கள் ஆக்சிஜனில் வேறு வேறு இடத்தில் நிற்கும். டாகிஷ் ஏரிக் கல்லின் ஆக்சிஜன், கனமான ஐசோடோப்புகள் மிகுந்து, சி.ஐ. பக்கம் சாய்ந்திருந்தது. காண்ட்ரூல் ஒன்றைச் சொல்ல, ஆக்சிஜன் இன்னொன்றைச் சொன்னது.

நீரில் முழுதும் மாறாத சி.ஐ. என்று கொண்டு சி.ஐ.2 எனப் பெயரிடலாமா என்ற யோசனையும் எழுந்தது. கேட்க அழகான யோசனைதான். பட்டியலில் ஓர் இடம் கிடைத்துவிடும், பாடப்புத்தகம் எழுதுவோருக்கும் எளிது. ஆனால் அந்த இடம் கல்லிலிருந்து வரவில்லை. நம் பட்டியலின் வசதியிலிருந்து வருகிறது. பீட்டர் பிரவுனும் அவருடைய சகாக்களும் 2000-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட முதல் கட்டுரையின் தலைப்பே இதைப் புதுவகைக் கார்பன் காண்ட்ரைட் என்றது. 2002-இல் சோலென்ஸ்கியும் சகாக்களும் அதன் தாதுக்களை விரிவாக எழுதியபோது, குழு சேராத இரண்டாம் வகை என்று தலைப்பிலேயே அறிவித்தார்கள். அந்தக் கட்டுரையிலேயே இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. கல்லின் ஒரு பகுதியில் கார்பனேட் மிகுதி, இன்னொரு பகுதியில் குறைவு. ஒரே கல்லுக்குள் இரண்டு பாறைகள்.

ஒரு குழு என்று அறிவிக்க இந்தத் துறையில் ஒரு மரபு உண்டு. ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியே கிடைத்த ஐந்து கற்களாவது ஒரே இயல்போடு இருக்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்கு கிடைத்தால் சிறுகுழு. ஒன்றே ஒன்று என்றால் அது குழு சேராதது. ஒரு கல்லை வைத்து ஒரு குடும்பத்தை எழுப்பிவிடக்கூடாது என்ற கட்டுப்பாடு இது. இந்தக் கட்டுப்பாடு இல்லாதிருந்தால், வரும் ஒவ்வொரு விநோதக் கல்லுக்கும் ஒரு புதுக்குழு முளைத்து, வகைப்பாடே வெறும் பெயர்ப் பட்டியலாகப் போயிருக்கும்.

நம் மண்ணுக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது. திருப்பத்தூருக்குப் பக்கத்தில், அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காக்கங்கரையில், 1890 ஜூன் 4 அன்று ஒரு விண்கல் விழுந்தது. கிடைத்தது சுமார் 350 கிராம். ஆய்வுலகில் அதன் பெயர் காக்கங்கரி. நெடுங்காலம் அது ஒரு சாதாரணக் கல்லாகப் பெட்டியில் கிடந்தது. 1966-இல் மேசனும், முன்பு சொன்ன வீக்கும் அதன் வேதியியலை அளந்தபோது அதன் விசித்திரம் வெளியே வரத் தொடங்கியது. 1974-இல் லண்டன் அருங்காட்சியகத்தின் கிரஹாமும் ஹட்சிசனும் நேச்சர் இதழில் காக்கங்கரி தனித்துவமான காண்ட்ரைட்டா என்று கேள்வியையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார்கள். மூன்று ஆண்டு கழித்து டேவிஸ், கிராஸ்மன், கணபதி ஆகிய மூவர் அதே இதழில் பதில் எழுதினார்கள். ஆம், காக்கங்கரி தனித்துவமான காண்ட்ரைட்தான் என்பதே அவர்கள் தலைப்பு.

காக்கங்கரி கார்பன் காண்ட்ரைட் அல்ல. ஆனால் டாகிஷ் ஏரிக் கல்லைப் போலவே குழப்பியது. அதன் தளப்பொருள் கார்பன் காண்ட்ரைட்டுகளில் இருப்பதுபோல் மிகுதியானது. ஆக்சிஜனும் பூமியின் கோட்டுக்குக் கீழே, அவை நிற்கும் பக்கமாகவே நிற்கிறது. உலோகமோ சாதாரணக் காண்ட்ரைட்டைப்போல. தாதுக்களோ இரும்பு ஆக்சைடு குன்றி, என்ஸ்டடைட் காண்ட்ரைட்டை நோக்கிச் சாய்ந்தவை. கார்பன், சாதாரணம், என்ஸ்டடைட் என்ற காண்ட்ரைட்டுகளின் மூன்று பெரும் பிரிவுகளிலும் ஒரு கால், எதிலும் இரண்டு கால் இல்லை. பின்னர் அண்டார்டிகாவிலிருந்து ஒன்றும், அமெரிக்காவின் நியூ மெக்சிகோவிலிருந்து ஒன்றும் அதன் சாயலில் கிடைக்க, 1996-இல் வைஸ்பெர்கும் சகாக்களும் கே சிறுகுழு என்று அதை வரையறுத்தார்கள். அந்த எழுத்து காக்கங்கரியின் முதலெழுத்து. ஒரு தமிழ்நாட்டுச் சிற்றூரின் பெயர் சூரியக் குடும்பத்தின் பிறப்பைப் படிக்கும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அந்த ஊரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் இதைப் பாடமாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

ஏதோ ஒரு குழுவில் போட்டுவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு குழுவின் பெயர் வைத்தவுடன், இந்தக் கற்கள் எல்லாம் ஒரே தாய்க் கோளத்திலிருந்தோ, ஒரே வட்டாரத்தில் பிறந்த கோளங்களிலிருந்தோ வந்தவை என்று சொல்லிவிடுகிறோம். அதன்மேல் மற்ற முடிவுகள் ஏறி உட்காரும். டாகிஷ் ஏரிக் கல்லைச் சி.எம். என்று எழுதியிருந்தால், அதன் ஒளியைத் தனியாக எடுத்துப் பார்க்கும் எண்ணமே யாருக்கும் வந்திருக்காது. தனியானது என்று எழுதியதால் 2001-இல் ஹிரோய், சோலென்ஸ்கி, பீட்டர்ஸ் மூவரும் அது ஒளியைத் திருப்பும் விதத்தை அளந்தார்கள். சிறுகோள் பட்டையின் வெளிப்புறத்தில், சூரிய ஒளி குன்றிய இடத்தில் சுற்றும், மிகக் கறுத்த டி வகைச் சிறுகோள்களின் ஒளியோடு அது ஒத்துப்போயிற்று. அந்த வகையின் துண்டு என்று கருதத்தக்க எதுவும் அதற்குமுன் நம் கையில் இருந்ததில்லை. 2020 ஆகஸ்டில் மொரோக்கோவில் டார்டா என்ற இடத்தில் விழுந்த கல்லும் இதன் சாயலோடு வந்திருக்கிறது. அதுவும் குழு சேராததாகவே பதிவாகியிருக்கிறது. ஐந்தை நோக்கி எண்ணிக்கை மெல்ல நகர்கிறது.

அந்த உறைந்த ஒரு கிலோவின் பெரும்பகுதியை 2006-இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகமும் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகமும் வாங்கின. ஆல்பர்ட்டாவில் அதற்கென்றே உறைநிலைக்குக் கீழ் பத்து டிகிரிக் குளிரில், ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் கையாளும் கூடம் அமைத்தார்கள். கிறிஸ்டோபர் ஹெர்டும் சகாக்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு துண்டுகளை ஒப்பிட்டார்கள். நான்கும் நீரில் மாறிய அளவில் வேறுபட்டன. உள்ளிருந்த கரிமச் சேர்மங்களும் அதற்கேற்ப மாறியிருந்தன. சாதாரண வெப்பத்தில் ஆவியாகிப் போய்விடும் ஃபார்மிக் அமிலம் அதில் மிகுதியாக இருந்தது. குளிர் காக்கப்பட்டதால் மட்டுமே அது நமக்குக் கிடைத்தது. அந்த நான்கில் ஏதாவது ஒன்று மட்டும் கிடைத்திருந்தால், அந்த ஒன்றின் இயல்பையே முழுக் கல்லின் இயல்பு என்று நாம் எழுதியிருப்போம்.

பூமி தொட்டதும் கல் மாறத் தொடங்குகிறது. இதற்கு மிக வலுவான சான்று அண்மையில்தான் வந்தது. பிரான்சில் 1864-இல் விழுந்த ஓர்கேய், சி.ஐ. குழுவின் மிகப் பெரிய கல், 14 கிலோ. சூரியனின் வேதி அமைப்புக்கு மிக நெருங்கியது அந்தக் குழு என்பதால், உலகில் அதிகம் ஆராய்ந்த கற்களில் அதுவும் ஒன்று. அதில் ஓடும் வெண்ணிறச் சல்பேட் நரம்புகளைச் சிறுகோளில் நீர் ஓடிய தடம் என்றே நெடுநாள் நம்பினோம். அவை அருங்காட்சியகக் காற்றின் ஈரத்தில் உருவானவை என்று 2001-இல் கூனெல்லும் சோலென்ஸ்கியும் வாதிட்டார்கள். 2020 டிசம்பரில் ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் ரியுகு சிறுகோளிலிருந்து 5.4 கிராம் மண்ணைப் பூமியின் காற்றுப் படாமல் கொண்டுவந்தது. அது சி.ஐ. இனம்தான். அதில் அந்தச் சல்பேட் இல்லை. நெடுநாள் கல்லின் இயல்பு என்று நம்பியிருந்த ஒன்று, நம் காற்று செய்த வேலை.

இதனால்தான் கல்லை எடுக்கும் கையும், வகை எழுதும் கையும் ஒரே அளவு பொறுப்புடையவை என்று சொல்கிறேன். டாகிஷ் ஏரிக் கல்லைக் குழு சேராதது என்று நம்பிக்கையோடு எழுத முடிந்ததற்குக் காரணம், அதன் விநோதங்கள் பூமியில் வந்தவை அல்ல என்று சொல்லும் அளவுக்கு அது சுத்தமாக எடுக்கப்பட்டதுதான்.

நம் நாட்டிலும் இந்த இனக் கற்கள் விழுகின்றன. ராஜஸ்தானில் 1911 ஜனவரியில் விழுந்த டோங்க், சி.ஐ. குழுவைச் சேர்ந்தது. விழக் கண்ட சி.ஐ. கற்கள் உலகம் முழுவதும் ஐந்துதான் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. அதில் ஒன்று நம்முடையது. மிஞ்சியது எட்டுக் கிராமுக்கும் குறைவு. 2017 ஜூன் 6 அன்று ஜெய்ப்பூர் அருகே முகுந்தபுராவில் விழுந்தது சி.எம்.2. மழைக்காலம் அங்கே தொடங்குவதற்கு முன்பே அது கையில் கிடைத்தது. ஒரு நல்ல மழைக்கு அது வயலின் மண்ணோடு மண்ணாகியிருக்கும். நம் தட்பவெப்பத்தில், இங்கே விழும் கார்பன் காண்ட்ரைட்டுக்கு ஆயுள் மிகக் குறைவு.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். வானில் பகலிலும் தெரியும் நெருப்புக்கோளம் போய், இடிபோல் சத்தம் கேட்டால், நேரத்தையும் அது போன திசையையும் உடனே எழுதி வையுங்கள். ஊரில் கண்காணிப்புக் கேமரா இருந்தால் அந்தப் பதிவு அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கறுத்த, இலேசான, புதிதாய் விழுந்த கல்லைக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள், நீரில் கழுவாதீர்கள், சோதித்துப் பார்க்கிறேன் என்று காந்தத்தை ஒட்டாதீர்கள், அதனுள் இருக்கும் பழங்காலக் காந்தப் பதிவு அழிந்துபோகும். கிடந்த இடத்திலேயே படம் எடுத்து, சுத்தமான அலுமினியத் தாளிலோ புதிய பிளாஸ்டிக் பையிலோ எடுத்து, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். இந்தியாவில் விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு உரியது. கல் அங்கே போய்ச் சேர வேண்டும். துண்டு துண்டாக்கி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளாதீர்கள்.